ஷெட்டுப் பேச்சு

விடியற்காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே தனக்கோடியின் விரல்கள் விழித்துக்கொள்ளும். பாயில் படுத்திருக்கும்போதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசிக்கொண்டு இல்லாத நூலுக்கு முடிச்சுப் போடும். சின்னப் பெண்ணாக மில்லுக்குள் போனவள். விரல்கூட அவளுக்குச் சொந்தமில்லை, மில்லுக்குத்தான் சொந்தம். மில் லைன் வீடுகளின் ஓட்டுக்கூரை மேல் பெங்களூர்ப் பனி இறங்கிக்கொண்டிருக்கும். அந்த இருட்டில் பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டை நோக்கி நடப்பார்கள். வெளியே பல் கிட்டும் குளிர். உள்ளே கால் வைத்த உடனே வேர்வை. நூல் காய்ந்து அறுந்துவிடக் கூடாதென்று ஷெட்டுக்குள் நீராவியைப் பீய்ச்சி வைத்திருப்பார்கள். நூலுக்கு இருந்த அந்தக் கவனிப்பு நூல் சுற்றுகிறவளுக்குக் கிடையாது.

நூல் சுற்றும் பெண்களுக்கும் தறி ஓட்டும் ஆண்களுக்கும் நடுவே சுவர் ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கும் அடி அப்படியே இந்தப் பக்கம் வந்து விழும். பக்கத்தில் நிற்பவள் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள். எதிரில் இருப்பவள் உதட்டைப் பார்த்தே படித்துக்கொள்வாள். தூரத்தில் இருக்கிறவளுக்குக் கையும் சேரும். நெஞ்சில் சிலுவை போட்டால் யூனியன்காரர் ரெமிஜியஸ் வருகிறார் என்று அர்த்தம். மணிக்கட்டைத் தட்டினால் மானேஜர் சேஷகிரி. அந்த மனுஷன் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு தொழிலாளியின் முகத்தைப் பார்த்ததில்லை. இதற்கு ஷெட்டுப் பேச்சு என்று பெயர். சேர்ந்த ஆறு மாதத்தில் யாருக்கும் வந்துவிடும். தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் அந்த உதட்டில் கலந்து கிடக்கும்.

ஷெட்டுப் பேச்சில் தனக்கோடியை அடிக்க ஆள் கிடையாது. மேஸ்திரி நடப்பதை, சேஷகிரி மூக்கைச் சுருக்குவதை, எல்லாவற்றையும் உதட்டாலும் புருவத்தாலும் செய்து காட்டி வரிசை முழுக்கச் சிரிக்க வைப்பாள். அதே தனக்கோடி கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் வேறு ஆள். சத்தமில்லாத இடத்தில் அவளுக்குப் பயம். ரேஷன் கடையில் வரிசை வந்துவிட்டால் பின்னால் நிற்பவளிடம் பையைக் கொடுத்து, "நீ கேளுக்கா" என்பாள். நாலு பேர் சும்மா இருந்து தன் வாயைப் பார்த்தால் தொண்டையில் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிடும். குரல் எங்கோ உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.

அந்த வருஷம் சேஷகிரி ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார். இரண்டு பேர் பார்த்த வரிசையை இனிமேல் ஒருத்தி பார்க்க வேண்டும். மெஷினை நிறுத்தித் துடைக்கக் கூடாது, ஓடும்போதே அடியில் கையை விட்டுப் பஞ்சை வழித்து எடுக்க வேண்டும். மேலே சுழலும் இரும்புத் தண்டிலிருந்து மெஷினுக்கு இறங்கும் தோல் பெல்ட்டைச் சுற்றிக் கம்பி வலை இருந்தது. குனிந்து எழ இடைஞ்சலாக இருக்கிறது, நேரம் போகிறது என்று அதையும் கழற்றி எடுத்துப்போகச் சொன்னார். வலைகள் வராந்தா மூலையில் குவிந்து துருப்பிடித்தன. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள்.

சரசு தனக்கோடிக்கு எதிர் மெஷின். லைனிலும் பக்கத்து வீடு. அம்மாவும் அவளும் மட்டும். நீளமான தலைமுடி அவளுக்கு. கொண்டை போட்டு, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு நிற்பாள். அன்றைக்கும் கட்டியிருந்தாள். பஞ்சை வழிக்கக் குனிந்தவள் நிமிரும்போது துணியின் நுனியை பெல்ட் பிடித்தது. துணியோடு கொண்டையைப் பிடித்தது.

தனக்கோடி பார்த்துக்கொண்டே இருந்தாள். சரசுவின் வாய் அகலத் திறந்தது. அதிலிருந்து வந்த அலறல் தறிச் சத்தத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. உதடு சொன்னதை மட்டும் தனக்கோடி படித்தாள். அக்கா என்றது. பிறகு சரசு கீழே விழுந்தாள். தலைமுடி பெல்ட்டோடு மேலே போய்ச் சுற்றிக்கொண்டு திரும்ப இறங்கி வந்தது. முடி மட்டும் வரவில்லை, தோலும் சேர்ந்து வந்தது.

பெண்கள் ஓடி வந்து தூக்கினார்கள். மேஸ்திரி தண்டை நிறுத்த ஓடினார். மணிக்கட்டைத் தட்டிக்கொண்டே சேஷகிரி எதிரில் வந்து அவரைத் தடுத்தார். ஒரு தண்டை நிறுத்தினால் அரை ஷெட் நின்றுபோகும். அந்த பெல்ட்டை மட்டும் கம்பால் தள்ளிக் கழற்றினார்கள். சிவாஜிநகர் ஆஸ்பத்திரிக்குச் சரசுவை ஜட்காவில் ஏற்றினார்கள். மற்றவர்கள் ரத்தத்தை மிதித்தபடி சாயந்திரச் சங்கு வரை நூல் சுற்றினார்கள். அன்றைக்கு யாருடைய கையும் நடுங்கவில்லை. நடுங்கினால் நூல் அறும், அறுந்தால் கூலி போகும்.

சரசு பிழைத்தாள். தலையில் பாதிக்கு மேல் தோல் இல்லாமல், ஒரு பக்கப் புருவம் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வந்தவளை மானேஜர் ரூமில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சாட்சி தனக்கோடி.

அந்த ரூம் போல அமைதியான இடத்தைத் தனக்கோடி அதுவரை பார்த்ததில்லை. கதவைச் சாத்தியதும் மில் இருக்கிற இடமே தெரியவில்லை. கடிகாரம் ஒன்று ஓடியது. குமாஸ்தா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். சரசு ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள், தலையில் கட்டுடன்.

"பயப்படாதேம்மா. நிதானமா சொல்லு" என்றார் சேஷகிரி. பாசமாகத்தான் கேட்டார். "அந்தப் பொண்ணு முடியை விரிச்சுப் போட்டுட்டு வேலை செஞ்சாளாமே?"

தனக்கோடி தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"தலையை ஆட்டினா எப்படி எழுதறது? வாயைத் திறந்து சொல்லணும். சரி, பெல்ட்டுக்கு வலை இருந்துதா இல்லியா?"

தனக்கோடி வாயைத் திறந்தாள். பெல்ட்டுக்கு வலை இல்லை. உதடு சுத்தமாகச் சொல்லியது. சத்தம் வரவில்லை.

"கேக்கலியே."

மறுபடி சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுதான் வந்தது. சேஷகிரி குமாஸ்தாவைப் பார்த்துச் சிரித்தார். குமாஸ்தாவும் சிரித்தான்.

"வாய் அசையுது, ஒண்ணும் வரலை. சும்னே, சும்மா டைம் வேஸ்ட். சாட்சி சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கோய்யா."

வெளியே வந்ததும் தனக்கோடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரசு அவள் பக்கத்தில் வந்தாள்.

"நீ சொன்னேக்கா. ரெண்டு தரமும் சொன்னே. நான் பாத்தேன்" என்றாள். மானேஜர் ரூம் கதவைத் திரும்பிப் பார்த்து, "எழுதறவனுக்குத்தான் நம்ம பேச்சு தெரியாதே" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. தனக்கோடிக்கு அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. வேலைக்காரியின் அஜாக்கிரதையால் நேர்ந்த விபத்து என்று முடிவு வந்தது. நஷ்ட ஈடு கிடையாது. வேலை கிடையாது. வேலை இல்லாதவளுக்கு லைன் வீடும் கிடையாது. வாட்ச்மேன்கள் வந்து சட்டி பானையை எடுத்துத் தெருவில் வைத்தார்கள். சரசுவின் அம்மா அடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மண் அடுப்பு, இழுத்ததில் உடைந்துபோனது. அவர்கள் இருவரையும் ஈஜிபுராவில் ஒரு சொந்தக்காரர் தன் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒதுங்க விட்டார். விசாரணை முடிந்த மறுநாளும் பெல்ட்டுகள் வலையில்லாமல்தான் ஓடின.

யூனியன்காரர் ரெமிஜியஸ் மில் கேட்டில் கூட்டம் போட முடிவு செய்தார். தறி மெக்கானிக் அவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பாட்டுப் பாடிப் பழகிய குரல், மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் போகும். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பின்னால் அவரை நாலு பேர் மடக்கினார்கள். கையை விட்டுவிட்டார்கள், காலை விட்டுவிட்டார்கள். தாடையில் மட்டும் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். எங்கே அடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். உதட்டைக்கூட அசைக்க முடியாத அந்த மனுஷன் கையைத் தூக்கித் தனக்கோடியைக் காட்டினார். பிறகு தன் வாயைத் தொட்டார். பிறகு மறுபடி அவளைக் காட்டினார்.

"என்னால ஆவாதுண்ணா" என்றாள் தனக்கோடி. "அன்னிக்கு என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியும்."

கூட வந்த எல்லம்மாவுக்குக் கோபம் வந்தது. அடுத்த வரிசையில் நூல் சுற்றுகிறவள். நறுக்கென்று பேசுவாள்.

"வேற யாரு பேசறது? நாங்க எல்லாம் சரசு விழுந்தப்புறம் ஓடி வந்தோம். அவ துணி கட்டியிருந்தாள்னு பாத்தவ நீ ஒருத்தி. நீ பேசலைன்னா அவன் எழுதினதுதான் நிஜம்."

"நீ பேசு எல்லம்மா. நான் சொல்லித் தரேன்."

"நான் பேசினா, நீ பாத்தியான்னு ஒரு கேள்வி கேப்பான். அதோட முடிஞ்சுது."

தனக்கோடி வெளியே போய் ஆஸ்பத்திரி வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லம்மா முதுகைத் தடவிக் கொடுத்தாள். சரி என்று தனக்கோடி சொல்லவில்லை. முடியாது என்று மறுபடி சொல்லவும் இல்லை.

மறுநாள் ஷெட்டில் மெஷின்கள் முழு வேகத்தில் ஓடும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. இங்கே வாய்விட்டுப் பேசினால் யாருக்குக் கேட்கப்போகிறது? சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதலில் உதட்டை மட்டும் அசைத்தாள். பிறகு தொண்டையைத் திறந்தாள். "தொழிலாளிங்களே" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் விலா எலும்புக்குள் ஏதோ அதிர்ந்தது. குரல் இருக்கிறது, செத்துப்போகவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அறுந்த நூலை முடிந்துகொண்டே பேசினாள். சரசு துணி கட்டியிருந்ததைச் சொன்னாள். வலையைக் கழற்றியதைச் சொன்னாள். உற்சாகத்தில் சுவரை மறந்து எப்போது திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது.

பார்த்தால் வரிசை முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. காதுக்குப் பயந்து சத்தத்துக்குள் ஒளிந்தவள், கண்ணை மறந்துவிட்டாள். அந்த ஷெட்டில் பிழைப்பவள் செய்யக் கூடாத தப்பு அது. தனக்கோடி கூசிப்போனாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லம்மா உதட்டை அசைத்தாள். ரெண்டு பேரு வரிசையை ஒருத்தி தலையில கட்டினதை விட்டுட்டியே. அவளுக்குப் பின்னால் இருந்தவள், தண்டை நிறுத்த விடலை, அதைச் சொல்லு என்றாள். தறிப் பக்கத்திலிருந்து ஒருவன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். அவன் கையில் இரண்டு விரல் இல்லை. இதையும் சேர்த்துக்கோ. சாயந்திரத்துக்குள் அந்தப் பேச்சு ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தது. போகும்போது தனக்கோடியுடையதாக இருந்தது. வரும்போது எல்லாருடையதாகவும் இருந்தது. அதைத் தூக்கிச் சுமக்க ஒரு வாய் மட்டும்தான் பாக்கி.

கூட்டத்தன்று வேலை விட்டு வெளியே வரும்போது சேஷகிரி கேட்டில் நின்றிருந்தார்.

"நீயாமே பேசப்போறது?" என்றார். "என் ரூமுல நாலு பேருக்கு நடுவுல வாய் வரலை. இங்க ஆயிரம் பேரு. யாக்கம்மா, எதுக்கு உனக்கு இந்த வேலை? நீ இருக்கறதும் லைன் வீடுதான். ஞாபகம் இருக்கட்டும்."

திருப்தியோடு மணியைப் பார்த்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

மில்லுக்கு எதிரே சாலையில் மாடு அவிழ்த்த கட்டை வண்டி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். அதன் மேல் தனக்கோடியை ஏற்றிவிட்டார்கள். கீழே அத்தனை முகம். மேஸ்திரிகளும் வந்து ஒரு பக்கமாக நின்றார்கள், வேடிக்கை பார்க்க. போலீஸ்காரர்கள் லத்தியை அக்குளில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் அவளுக்காகத் தானாகவே அடங்கியது. அந்த அமைதிதான் அவளைக் கொன்றது. மறுபடி அதே ரூம். அதே கடிகாரம். வாயைத் திறந்தாள், காற்று வந்தது. மேஸ்திரிகளில் ஒருவன், "அம்மாவுக்கு ஒரு சோடா குடுங்கப்பா" என்றான். சிரிப்பு எழுந்தது. தனக்கோடி வண்டியிலிருந்து இறங்கக் காலை எடுத்தாள்.

அப்போது மில் சங்கு ஊதியது.

ஊதும் நேரம் இல்லை அது. மாடி ஜன்னலில் நின்று சேஷகிரிதான் கையை அசைத்து உத்தரவு கொடுத்தார். பேச வந்த ஊமையைப் பேசவிடாமல் செய்ய அவருக்கு அவ்வளவு அவசரம். சும்மா இருந்திருந்தாலே போதும், அவள் இறங்கியிருப்பாள். அதிகாரம் கையில் இருக்கிறவனால் சும்மா இருக்க முடிவதில்லை. சங்கு நிற்காமல் ஊதியது. போலீஸ்காரர்கள் காதைப் பொத்தினார்கள். மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன.

தனக்கோடி எடுத்த காலைத் திரும்ப வைத்தாள். காதை அடைக்கும் அந்தச் சத்தம் தலை மேல் விழுந்ததும் அவள் உடம்பு நிமிர்ந்தது. இந்த இடம் அவளுக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து பேசிச் சிரித்து வளர்ந்த இடம். மணிக்கட்டைத் தட்டி மாடி ஜன்னலைக் காட்டினாள். மூக்கைச் சுருக்கினாள். முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு.

அவள் பேசத் தொடங்கினாள். உதடு, புருவம், கை எல்லாம் சேர்ந்து பேசியது. தொண்டையையும் திறந்து வைத்திருந்தாள், சுவரிடம் பேசியதுபோலவே. சரசு துணி கட்டியிருந்தாள் என்றாள். ஓடும் மெஷினுக்கு அடியில் கையை விடச் சொன்னது யார் என்றாள். தூரத்தில் இருந்தவர்களுக்கு உதடு தெரியவில்லை. நடுவில் நின்றவர்கள் திரும்பி நின்று பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். பேச்சு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. இரண்டு விரல் இல்லாதவனுடைய கை உயர்ந்தது. அதைப் பார்த்து இன்னும் பல கைகள் உயர்ந்தன, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று குறைவாக. போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் பேசாத கூட்டத்தில் ஜனங்களுக்கு ஏன் கண் கலங்குகிறது என்று அவர் மாடியைப் பார்த்தார். சேஷகிரி, இன்னும் ஊது, இன்னும் ஊது என்று கை காட்டினார்.

பாய்லர் அறையில் பச்சைமுத்து கரி தள்ளிக்கொண்டிருந்தார். சங்குக்கு ஆவி கொடுப்பது அவர் வேலை. அவருக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது கூட்டத்தின் பின்புறம் மட்டும்தான். தனக்கோடியின் குரலை நசுக்கத் தன் கையாலேயே கரி போடுகிறோமே என்று மனசு கேட்கவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டார். "ஏன்டா நிறுத்திட்டே?" என்று கேட்ட மேஸ்திரியிடம், "கை வலிக்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆவி இறங்கியது. சங்கு முனகியது, இழுத்தது, நின்றது.

"பெல்ட்டுக்கு வலை" என்ற வார்த்தை தனக்கோடியின் வாயில் இருந்தது. திடீரென்று அது எல்லாருக்கும் கேட்டது. கணீரென்று கேட்டது. அவள் தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். மறுபடி அமைதி. மறுபடி அத்தனை முகம். அடுத்த வார்த்தை தொண்டையில் நின்றுவிட்டது. மாடியில் சேஷகிரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அந்த ரூமில் சிரித்த அதே சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

கூட்டத்தின் முன்னால் சரசு நின்றிருந்தாள். ஈஜிபுராவிலிருந்து நடந்தே வந்திருந்தாள். அவள் தலையிலிருந்த துணியை அவிழ்த்தாள். ஆறாத அந்தத் தலையை அதுவரை அவள் அம்மாவைத் தவிர யாரும் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. கூட்டத்தில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரசு யாரையும் பார்க்கவில்லை. தனக்கோடியை மட்டும் பார்த்து உதட்டை அசைத்தாள். ஒரே ஒரு வார்த்தை, சத்தமில்லாமல்.

தனக்கோடி அதைப் படித்தாள், அதையே வாய்விட்டுச் சொன்னாள்.

"இல்லை" என்றாள்.

குரல் சாலையைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, மாடி ஜன்னல் வரைக்கும் போனது. அவள் நிமிர்ந்து அந்த ஜன்னலைப் பார்த்தாள்.

"எழுதிக்கோங்க சார். சாட்சி சொல்றேன். பெல்ட்டுக்கு வலை இல்லை. அவ துணி கட்டியிருந்தா. நான் பாத்தேன்."

"நாங்களும் சொல்றோம், எழுதிக்கோ" என்று எல்லம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தாள். இல்லை, வலை இல்லை என்று பல வாய்கள் சொல்லத் தொடங்கின. கத்திப் பழகாத தொண்டைகள். கரகரத்து, ஒன்றோடொன்று சேராமல் வந்தன. பிறகு சேர்ந்தன.

ஜன்னல் கதவு சாத்தப்பட்டது. சாலைக் கோடியில் இன்னொரு போலீஸ் லாரி வந்து நின்றது. நாளைக்கு மில் கேட்டு திறக்குமா, லைன் வீட்டில் எத்தனை அடுப்பு உடையும், யாருக்கும் தெரியாது. சரசுவின் தலையில் முடி இனி முளைக்கப்போவதில்லை. ஆனால் லாரியைப் பார்த்து ஒருவரும் நகரவில்லை. பெண்கள் வண்டியைச் சுற்றி வந்து சக்கரத்தோடு சக்கரமாக நின்றார்கள்.

"வலையை மாட்டு. சரசுவைக் கூப்பிட்டு மறுபடி விசாரி. அது வரைக்கும் சங்கு ஊதினா ஊதட்டும், நாங்க உள்ளே வர மாட்டோம்" என்றாள் தனக்கோடி. லாரியிலிருந்து போலீஸ்காரர்கள் குதித்து இறங்கினார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள், கீழே நின்ற சரசுவைப் பார்த்தாள்.

"இன்னும் நான் முடிக்கலை" என்று சொல்லிவிட்டு மேலே பேசினாள்.